இணையத்தில் அடிச்சுவடு

மனிதன் கூடி வாழும் இயல்பினன். ஆயினும், அவன் எந்நேரமும் கூட்டத்தின் நடுவிலேயே நின்றுகொண்டிருக்க இயலாது. அமைதியாகச் சிந்திக்கவும், துயருற்றபோது அழவும், நம்பிக்கைக்கு உரியாரோடு மனம் விட்டுப் பேசவும் அவனுக்கு ஓர் ஒதுக்கிடம் வேண்டும். அதனாலன்றோ வீட்டுக்குக் கதவு அமைத்தோம். கடிதத்துக்கு உறை இட்டோம்! தமிழில் 'அகம்' என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். இவ்விரண்டினுள்ளும் பிறர் இசைவின்றி நுழைதல் முறையாகாது. இவ்வாறு ஒருவர் தமக்கென வகுத்துக்கொண்ட எல்லையைப் பிறர் மீறாதிருக்குமாறு கோரும் உரிமையே தனியுரிமை எனப்படும்.

இந்நாளில் நம் வாழ்வின் பெரும்பகுதி இணையத்தின் வழியே நடைபெறுகின்றது. வங்கிக்குச் செல்லாமலே பணம் அனுப்புகின்றோம். கடைக்குச் செல்லாமலே பொருள் வாங்குகின்றோம். நெடுந்தொலைவில் உள்ள நண்பரோடு நொடிப் பொழுதில் உரையாடுகின்றோம். வீட்டுக்குக் கதவும் கடிதத்துக்கு உறையும் உள்ளன. இணையத்தில் நிகழும் வாழ்வுக்குக் கதவு யாது? உறை யாது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், இணையம் இயங்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

ஈர மணலில் நடப்பவர் அடிச்சுவடு பதியாமல் நடத்தல் அரிது. இணையமும் அத்தகைய மணல்வெளியே ஆகும். நாம் கைபேசியில் ஒரு பக்கத்தைப் பார்க்க விரும்பினால், அவ்விருப்பம் தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறிக்குச் சென்று சேர்கின்றது. அக்கணிப்பொறி அப்பக்கத்தை நமக்குத் திருப்பி அனுப்புகின்றது. எங்கே அனுப்புவது என்று அதற்குத் தெரிய வேண்டுமல்லவா? அதன்பொருட்டு, இணையத்தோடு இணையும் கருவிக்கு ஓர் எண் வழங்கப்படுகின்றது. இதனை ஐ.பி. எண் என்பர். அஞ்சற்காரருக்கு முகவரி எத்தகையதோ, இணையத்துக்கு அவ்வெண் அத்தகையது. எந்த நேரத்தில் எந்த எண் எந்த வாடிக்கையாளருக்கு உரியதாயிருந்தது என்னும் குறிப்பு, இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திடம் இருக்கும். கைபேசியும் அவ்வாறே தன் அருகிலுள்ள கோபுரத்துக்குத் தன் இருப்பை அறிவித்துக்கொண்டே இருக்கின்றது. அறிவிக்காவிடின் நமக்கு வரும் அழைப்பு நம்மை வந்தடையாது. ஆகவே, இச்சுவடுகள் யாருடைய தீய எண்ணத்தாலும் தோன்றியவை அல்ல. இணையத்தின் அமைப்பே அவற்றை வேண்டுகின்றது.

வேறொரு வகைச் சுவடும் உண்டு. அது 1994ஆம் ஆண்டில் தோன்றியது. தம்மிடம் வந்து சென்றவரே மீண்டும் வந்திருக்கின்றார் என்று நினைவு வைத்துக்கொள்ள அதற்கு முன்னர் வலைத்தளங்களுக்கு எளிய வழி இல்லை. நெட்ஸ்கேப் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் பணிபுரிந்த லூ மான்டுல்லி இக்குறையைப் போக்கக் 'குக்கி' என்பதனை அமைத்தார். மிதிவண்டி நிறுத்துமிடத்தில் வண்டிக்கு ஒன்றும் நமக்கு ஒன்றுமாக ஒரே எண்ணுடைய சீட்டைத் தருவார்கள் அல்லரோ? அதுபோல, வலைத்தளம் நம் கணிப்பொறியில் ஒரு சீட்டை இட்டு வைக்கும். மறுமுறை சென்றால் அச்சீட்டைக் கொண்டு நம்மை அறியும். இது பயனுடைய அமைப்பே. ஆனால், ஒரு தெருவிலுள்ள நூறு கடைகளுக்கும் ஒரே நிறுவனம் சீட்டு வழங்குமாயின், நாம் எக்கடையில் எதனை நோக்கினோம், எங்கே நெடுநேரம் நின்றோம் என்பனவெல்லாம் அந்நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். விளம்பர நிறுவனங்கள் பல வலைத்தளங்களிலும் தம் சீட்டுகளை இட்டுச் செய்தது இதுவே.

இனி, சுவடு தீயதோ எனின், அவ்வாறு கூறுதல் பொருந்தாது. வங்கியிலிருந்து பேசுவதாகப் பொய் கூறி முதியோரின் பணத்தைக் கவர்வோர் உளர். பெயரை மறைத்துக்கொண்டு பெண்களை அச்சுறுத்துவோரும் உளர். இத்தகையோரைக் காவல்துறையினர் பிடிப்பதற்கு அச்சுவடுகளே துணை செய்கின்றன. பாதிக்கப்பட்டோர் நீதி பெறுவதற்கு அவை வேண்டும். ஆதலின், சுவடே இருத்தல் கூடாது என்று அறிவுடையோர் வாதிடுவதில்லை. அச்சுவட்டை யார் வைத்திருப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, யாருடைய ஆணையின்மீது பிறருக்குக் காட்டுவது என்பனவே அவர்கள் எழுப்பும் வினாக்கள்.

பெயரை நீக்கிவிட்டால் சுவட்டால் தீங்கு இல்லை என்று கருதுவோர் உளர். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று இக்கருத்தின் குறையை வெளிப்படுத்தியது. ஏ.ஓ.எல். என்னும் நிறுவனம், தன் வாடிக்கையாளர் ஏறத்தாழ 6,50,000 பேர் மூன்று மாதங்களில் இணையத்தில் தேடிய 2 கோடி தேடல்களை ஆராய்ச்சியாளர் பயன்பாட்டுக்கென வெளியிட்டது. ஒவ்வொருவர் பெயருக்கும் பதிலாக ஓர் எண்ணை இட்டிருந்தது. ஆயினும், சில நாட்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள், ஓர் எண்ணுக்கு உரியவர் தேடிய ஊர்ப்பெயரையும் குடும்பப் பெயரையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, அவ்வெண்ணுக்கு உரிய மூதாட்டியின் வீட்டையே கண்டறிந்துவிட்டனர். நாம் தேடும் சொற்களே நம்மைக் காட்டிக் கொடுக்க வல்லன என்பது அன்று உலகுக்குத் தெளிவாயிற்று. நிறுவனமும் வருத்தம் தெரிவித்து அத்தொகுப்பை விலக்கிக்கொண்டது.

ஐரோப்பாவில் நிகழ்ந்தது இதனினும் பெரியது. 2004ஆம் ஆண்டு மாட்ரிட் நகரிலும் 2005ஆம் ஆண்டு இலண்டன் நகரிலும் வன்முறையாளர் வெடிகுண்டு வைத்துப் பலரைக் கொன்றனர். அத்துயரத்தின் பின்னர், 2006ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நெறியை இயற்றியது. அதன்படி, தொலைபேசி நிறுவனங்களும் இணைய நிறுவனங்களும் தம் வாடிக்கையாளர் எவர், எவரோடு, எப்போது, எங்கிருந்து தொடர்புகொண்டார் என்னும் குறிப்புகளை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சேர்த்து வைத்தல் வேண்டும். பேசிய பேச்சைச் சேர்க்க வேண்டுவதில்லை. ஆதலின் இதனால் தீங்கு ஒன்றுமில்லை என்று பலர் எண்ணினர்.

ஜெர்மனியைச் சேர்ந்த மால்ட்டே ஸ்பிட்ஸ் என்னும் அரசியல்வாதி அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க முற்பட்டார். தம்மைப் பற்றித் தொலைபேசி நிறுவனம் சேர்த்து வைத்த குறிப்புகளைத் தமக்கே தருமாறு கேட்டார். வழக்குத் தொடுத்த பின்னரே அவை அவருக்குக் கிடைத்தன. 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் 2010ஆம் ஆண்டு பிப்ரவரி வரை, ஆறு மாதங்களுக்கு 35,830 வரிகள் இருந்தன! 2011ஆம் ஆண்டில் அவர் அவற்றை ஒரு செய்தி இதழின் வாயிலாக நிலப்படத்தில் அமைத்து யாவரும் காண வெளியிட்டார். அவர் எந்த ஊரில் உறங்கினார், எந்தப் பொழுதில் இரயிலில் சென்றார், எந்த நேரத்தில் பேசினார், எந்த நேரத்தில் பேசாதிருந்தார் என்பனவெல்லாம் அதில் ஒரு நாட்குறிப்புப் போல விளங்கின. அவர் பேசிய பேச்சில் ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆயினும், அவர் வாழ்வு முழுவதும் அதில் தெரிந்தது.

இங்கே ஒரு வினா எழும். "நேர்மையாய் வாழ்பவன் அஞ்சுவானேன்? மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனைப் பிறர் கண்டால் என்ன?" என்று கேட்போர் பலர். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுபவர் குற்றவாளி அல்லர். மருத்துவரிடம் தம் நோயைக் கூறுபவரும், வழக்கறிஞரிடம் தம் இடரைக் கூறுபவரும் குற்றம் செய்தவர் அல்லர். ஆயினும், அவற்றைத் தெருவில் நின்று கூற அவர்கள் விரும்பார். மேலும், தம்மை எவரோ நோக்கிக்கொண்டிருக்கின்றனர் என்று உணர்ந்த மனிதர் தம் இயல்பில் நில்லார். படிக்க விரும்பிய நூலைப் படிக்கத் தயங்குவர். கேட்க விரும்பிய வினாவைக் கேட்க அஞ்சுவர். அதிகாரத்தில் உள்ளோரின் பிழையை எடுத்துரைக்கும் துணிவையும் இழப்பர். இவ்விழப்பு ஒருவரோடு நில்லாது. நாளடைவில் நாட்டையே ஊமையாக்கும்.

இவ்வுண்மையை உணர்ந்து அயர்லாந்தில் சிலர் ஒரு சிறு சங்கம் கண்டனர். 'டிஜிட்டல் ரைட்ஸ் அயர்லாந்து' என்பது அதன் பெயர். பெருஞ்செல்வமோ அரசின் ஆதரவோ அதற்கு இல்லை. எனினும், அச்சங்கம் 2006ஆம் ஆண்டில் அயர்லாந்து அரசின்மீதே வழக்குத் தொடுத்தது. அதே காலத்தில் ஜெர்மனியில் 30,000க்கும் மேற்பட்ட குடிமக்கள் தம் நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றத்தை அணுகினர். 2010ஆம் ஆண்டு மார்ச்சில் அந்நீதிமன்றம் ஜெர்மானியச் சட்டத்தைச் செல்லாதென்று தீர்த்தது. ஆஸ்திரியாவிலிருந்தும் 11,000க்கும் மேற்பட்டோர் முறையிட்டனர். அயர்லாந்து வழக்கும் ஆஸ்திரிய வழக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்தில் ஒருங்கே ஆராயப்பட்டன. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கொடுங்குற்றத்தைத் தடுத்தல் தக்க நோக்கமே என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டனர். எனினும், குற்றத்தோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத மக்கள் அனைவருடைய குறிப்புகளையும் வேறுபாடின்றிச் சேர்த்தல் அளவு கடந்த செயல் என்று கூறி, அந்நெறியை முழுவதும் நீக்கினர். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதற்கு அச்சிறு சங்கத்தின் எட்டாண்டு முயற்சி ஒரு சான்று.

இனி, நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941ஆம் ஆண்டில் ஒரு கொள்ளை வழக்கில் சேர்க்கப்பட்டார். சான்று இன்மையால் விடுவிக்கப்பட்டார். ஆயினும், காவல்துறையினர் அவரைத் தம் கண்காணிப்பில் வைத்தனர். நள்ளிரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவர். உரக்கக் கூவி அவரை எழுப்புவர். அவர் வேற்றூருக்குச் செல்வதாயின் முன்னரே அறிவிக்குமாறு கூறுவர். மனம் நொந்த அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1962ஆம் ஆண்டு டிசம்பரில் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். இரவில் கதவைத் தட்டுதல் சட்டத்துக்கு மாறானது என்றனர். ஆனால், தனியுரிமை என்பது அரசியலமைப்பு உறுதியளித்த உரிமையன்று என்று பெரும்பான்மையோர் கருதினர். முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாய் இருந்த கோகா சுப்பா ராவ் அக்கருத்துக்கு உடன்படவில்லை. தனியுரிமை வெளிப்படையாகக் கூறப்படவில்லையாயினும், தனிமனித விடுதலையில் அஃது இன்றியமையாத கூறு என்று அவர் வேறாகத் தீர்ப்பு எழுதினார். நீதிபதி ஷாவும் அவரோடு சேர்ந்து நின்றார்.

அன்று சிறுபான்மையாய் நின்ற அக்கருத்து, 55 ஆண்டுகள் கழிந்த பின்னர் வெற்றி கண்டது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012ஆம் ஆண்டில், தம் 86ஆம் வயதில், ஆதார்த் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஓய்ந்திருக்கத்தக்க முதுமையில் அவர் ஓயவில்லை. அவ்வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமையா என்னும் வினா ஒன்பது நீதிபதிகளின் முன் வந்தது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், அஃது அடிப்படை உரிமையே என்று ஒன்பதின்மரும் ஒருமனமாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும், அவ்வுரிமைக்கு எல்லையே இல்லை என்று அவர்கள் கூறவில்லை. அரசு அதனில் தலையிட வேண்டுமாயின், அதற்குச் சட்டம் ஒன்று இருத்தல் வேண்டும்; நோக்கம் நேரியதாய் இருத்தல் வேண்டும்; தலையீடு அந்நோக்கத்துக்குத் தேவையான அளவைக் கடவாதிருத்தல் வேண்டும். இம்மூன்றும் அத்தீர்ப்பு நமக்குத் தந்த உரைகற்கள். 2018ஆம் ஆண்டில் ஆதார்ச் சட்டம் செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினாலும், தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த இடமளித்த பகுதியை நீக்கினர்.

இவ்வுரைகற்களில் தேய்த்துப் பார்க்கவேண்டிய வழக்கு ஒன்று நம் சென்னையிலேயே எழுந்தது. 2018ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருவர் மனு அளித்தனர். சமூக ஊடகங்களில் பெயரை மறைத்துப் பழி தூற்றுவோரைக் கண்டுபிடிக்க இயலவில்லை. ஆதலின், ஒவ்வொருவர் கணக்கையும் ஆதாரோடு இணைக்க வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். நீதிமன்றம் ஆதாரை இணைக்க விரும்பவில்லை. ஆயினும், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிதல் எவ்வாறு என்னும் ஆராய்ச்சி தொடர்ந்தது.

இதில் உள்ள இடர்ப்பாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் செய்திகள் யாவும் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன. அனுப்புபவர் பூட்டிய பெட்டியைப் பெறுபவரிடம் உள்ள திறவுகோல் மட்டுமே திறக்கும். பெட்டியைச் சுமந்து செல்லும் நிறுவனத்தாலும் அதனைத் திறக்க இயலாது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி, செய்தியை முதலில் அனுப்பியவரின் அடையாளத்தை அச்செய்தியோடு சேர்த்து அனுப்பலாம் என்று ஒரு வழி கூறினார். 'இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன்' என்னும் உரிமை அமைப்பும் வழக்கில் தன் கருத்தைக் கூற முன்வந்தது. அதன் சார்பில் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுப்புரை எழுதினார். சூழ்ச்சி வல்லோர் அவ்வடையாளத்தைப் பொய்யாக்கித் தப்புவர். ஏதும் அறியாதவர்மீது பழி விழக்கூடும் என்பது மறுப்பின் சாரம். அறிஞர் இருவர் ஒரே அவையில் அறிவுக்கு அறிவு எதிர்நின்று வாதிட்டது நன்மைக்கே. 2019ஆம் ஆண்டில் அவ்வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவண் அரசு புதிய விதிகளை வெளியிட்டது. கொடிய குற்றங்களில், உரிய ஆணையின்மீது, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைப் பெரிய செய்தி நிறுவனங்கள் காட்டுதல் வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. அதே ஆண்டு மே மாதத்தில் வாட்ஸ்அப் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. எச்செய்தி பிற்காலத்தில் குற்றத்துக்கு உரியதாகும் என்று எவரும் முன்னரே அறியார். ஆகவே, ஒன்றைக் கண்டறியும் பொருட்டு எல்லாச் செய்திகளுக்கும் முத்திரை இட நேரும் என்பது அதன் வாதம். வதந்தியால் உயிரிழந்தோருக்கு நீதி வேண்டாவோ என்பது அரசு பக்கத்தார் வினா. இரண்டும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல.

இங்கேதான் நாம் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் வேண்டும். குற்றம் நிகழ்ந்த பின்னர், ஐயத்துக்கு உரியவரின் சுவட்டை, சட்டத்தின் ஆணை பெற்றுத் தேடுதல் ஒன்று. என்றேனும் எவரேனும் குற்றம் புரியக்கூடும் என்று கருதி, ஊரார் அனைவருடைய சுவடுகளையும் நாள்தோறும் சேர்த்து வைத்தல் மற்றொன்று. முன்னது காவல், பின்னது குடிமக்கள் யாவரையும் ஐயுறுதல். கரக் சிங்கின் கதவைத் தட்டிய ஓசையாவது அவர் செவியில் விழுந்தது. அவர் நீதிமன்றம் சென்றார். இணையத்தில் தட்டும் கைக்கு ஓசை இல்லை. ஓசை இல்லாத தட்டலைக் கேட்கும் செவிகளாகவே உரிமை அமைப்புகள் விளங்குகின்றன.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின; படிப்படியாக அவை நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்டது. ஒருவரைப் பற்றிய செய்திகளை எந்நோக்கத்துக்காகப் பெறுகின்றோம் என்று கூறி, அவர் இசைவைப் பெறுதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. 18 வயது நிரம்பாதவர் செய்திகளைப் பெறப் பெற்றோரின் இசைவு வேண்டும். இளையோரைப் பின்தொடர்ந்து கண்காணித்தலும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலும் கூடா. பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். எனினும், அரசுத் துறைகளுக்கு அச்சட்டம் தரும் விலக்குகள் மிகுதி என்று உரிமை காப்போர் குறை கூறியுள்ளனர். சட்டம் இயற்றப்பட்டதனாலேயே உரிமை நிலைபெற்றுவிடாது; விழிப்புடைய குடிமக்களே அதனை நிலைபெறச் செய்வர்.

மாணவர்களே, இவ்வுரிமை பெரியோர்க்கும் நீதிமன்றங்களுக்கும் மட்டும் உரியது என்று எண்ணற்க. கைபேசியில் ஒரு செயலியை நிறுவும்போது, அது எவற்றைக் கேட்கின்றது என்று நோக்குங்கள். கைவிளக்குச் செயலி நம் தொடர்பு எண்களைக் கேட்குமாயின், ஏன் என்று வினவுங்கள். தேவையற்றதற்கு இசைவு மறுத்தல் உங்கள் உரிமை. அவ்வாறே, பிறர் உரிமையைப் பேணுதல் உங்கள் கடமை. தோழரின் படத்தை அவர் இசைவின்றி வெளியிடுதலும், நம்பி அனுப்பிய செய்தியைப் பலருக்குப் பரப்புதலும், உடன்பிறந்தாரின் கைபேசியை மறைவாகத் திறந்து பார்த்தலும் பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதை ஒத்த செயல்களே. அரசும் பெருநிறுவனங்களும் நம் எல்லையை மதிக்க வேண்டும் என்று கேட்கும் நாம், அருகிலிருப்போர் எல்லையை மதித்து நடத்தல் வேண்டும். அங்ஙனம் நடப்போரே உரிமையைக் கேட்கும் தகுதியும், கேட்டதைக் காக்கும் வலிமையும் உடையவர் ஆவர்.